பிஷப்பைப் பார்க்க எந்த நிறக் கண்ணாடி

இப்படி வாருங்கள், கண்ணுகளா. அடுப்புக்குப் பக்கமாக நகர்ந்து உட்காருங்கள். கெட்டில் என்கிற எங்கள் ஏரியின் காற்று கதவிடுக்கு வழியாக வந்து முதலில் காலைத்தான் பிடிக்கும். உங்களுக்கு இன்றைக்கு ஒரு மீன் கதை சொல்லப்போகிறேன். மீன் கதை என்றதும் எவ்வளவு தூரம் விரிக்கப்போகிறாள் என்று என் கையைப் பார்க்காதீர்கள். இந்தக் கதையில் வரும் மீனின் நீளம் எனக்கு அங்குலம் தவறாமல் தெரியும். எப்படித் தெரியும் என்பது போகப்போக உங்களுக்கே விளங்கும்.

எங்கள் டாஸ்மேனியா மேட்டு நிலத்தில் ட்ரவுட் என்கிற மீனைப் பிடிக்கிறவர்கள் தூண்டிலைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் காத்திருக்க மாட்டார்கள். அது சோம்பேறி வேலை என்பார்கள். முதலில் மீனைக் கண்ணால் பார்க்கவேண்டும். பார்த்த மீனுக்குத்தான் வீசவேண்டும். அதற்கு இருவர் வேண்டும். ஒருவர் மேட்டுக்கரையில் வெயில் முதுகில் படும்படி நின்று பார்ப்பார். மற்றவர் கீழே முழங்கால் தண்ணீரில் தூண்டில் கோலோடு நிற்பார். மேலே நிற்பவர் கடிகாரக் கணக்கில் திசை சொல்வார்: நேர் எதிரே பன்னிரண்டு மணி, இடக்கைப் பக்கம் ஒன்பது, வலக்கைப் பக்கம் மூன்று. "பதினொண்ணு, ரெண்டு கோல் தூரம்" என்று மேலேயிருந்து குரல் வந்தால், கீழே நிற்பவருக்கு அங்கே மீன் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், இறகில் கட்டிய பொய் ஈயை அந்த இடத்தில் கொண்டுபோய் இறக்கவேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக்கூடாது. கல்யாணத்தில்கூட இவ்வளவு நம்பிக்கையை யாரும் கேட்பதில்லை.

இதற்கெல்லாம் உயிர்நாடி கூலிங் கிளாஸ்தான். சும்மா வெயிலுக்குப் போடுகிற கண்ணாடி இல்லை, போலரைஸ்டு கண்ணாடி. தண்ணீர்மேல் கிடக்கிற பளபளப்பைத் துடைத்தெடுத்துவிட்டு, அடியில் கிடக்கும் கல்லையும் பாசியையும் காட்டும். அதைப் போட்டுக்கொண்டு தலையை ஒரு பக்கம் சாய்த்தால் இன்னும் கொஞ்சம் துலங்கும். அதனால் நல்ல வெயில் நாளில் எங்கள் கரையைப் பார்த்தீர்களானால், வயதான ஆண்கள் வரிசையாக நின்று, புழுவைப் பார்த்த மைனா மாதிரிக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் ஊர்த் தேவாலயத்தை விற்று, வாங்கியவர் அதில் படகு நிறுத்தி வெகுகாலமாகிறது. ஆனால் சண்டை போட மதம் இல்லாமல் மனிதர்களால் இருக்க முடியுமா? கண்ணாடியின் நிறத்தில் பிரிந்துகொண்டார்கள். தாமிர நிறக்காரர்கள் ஒரு பக்கம். பாசித்தரைக்கு அதுதான் என்பார்கள். தேன் நிறக்காரர்கள் ஒரு பக்கம். மேகமூட்டத்துக்கு மஞ்சள்தான் என்று ஒரு சிறு கூட்டம். அவர்களை மற்றவர்கள் வழிதவறியவர்கள் என்று இரக்கத்தோடு பார்ப்பார்கள். சாம்பல் நிறம் போடுகிறவர்களோடு யாரும் பேசுவதே இல்லை. சாம்பல் நிறம் கடல் மீனுக்கு உரியது; ஏரிக்கு அதைப் போட்டு வருகிறவன் எதையும் செய்வான்.

கடைக்கார கிளெனிஸுக்கு மட்டும் எல்லா மதமும் சம்மதம். அவள் கடையில் இறைச்சிப் பண்டங்கள் வைத்திருக்கும் சூடு பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சுழலும் ஸ்டாண்ட். அதில் எல்லா நிறமும் தொங்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கார்டு தேய்க்கும் மிஷினின் திரையைப் பார்த்தால், ஒரு கோணத்தில் திரை கறுப்பாகிவிடும். கிளெனிஸ் மிஷினை அந்தக் கோணத்தில்தான் நீட்டுவாள். "கண்ணாடியைக் கழற்றாதே, அதோடேயே வெளிய போய் ஏரியைப் பாரு" என்பாள். ஏரி நன்றாகத் தெரியும். விலை மட்டும் தெரியாது.

இந்த ஊரில் கண் என்றால் அது ராய்ஸின் கண்தான். ராய்ஸ் வாடில், என் அடுத்த வீட்டு நோலீனின் புருஷன். முப்பது வருஷமாக மேட்டில் நிற்கிறவன். அவன் விரலை நீட்டிய இடத்தில் மீன் இருக்கும். அவனுக்குக் கீழே தண்ணீரில் நிற்பவன் பெவன். பெவனைப் பற்றி ஒன்று சொன்னால் போதும்: அவனுக்கு வாயை மூடத் தெரியாது. நோலீனுக்கு ராய்ஸ் ரகசியமாக வாங்கி ஒளித்துவைத்த பிறந்தநாள் குளிர்க்கோட்டு பற்றி நோலீனிடமே, "பழுப்பு நிறம் உனக்கு எடுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனவன். ராய்ஸ் என்ன கண்ணாடி வாங்குகிறானோ, அடுத்த வாரம் மீன்பிடிச் சங்கத்தில் பாதிப் பேர் அதையே வாங்குவார்கள்.

எழுபதைத் தாண்டியதும் ராய்ஸுக்குக் கண் மங்கத் தொடங்கியது.

மற்ற ஊராக இருந்தால் டாக்டரிடம் போவார்கள். ராய்ஸ் கிளெனிஸ் கடைக்குப் போனான். "இந்தத் தாமிரம் சரியில்ல. தண்ணி டீத்தண்ணி மாதிரித் தெரியுது" என்றான். தேன் நிறம் வாங்கினான். அடுத்த மாதம் அதுவும் சரியில்லை. ரோஜா நிறம். பிறகு மேலே பச்சைப் பூச்சு பூசிய கண்ணாடி. அவன் ஒன்றை விட்டு ஒன்றுக்குப் போகப்போக, சங்கமும் பின்னாலேயே போனது. கிளெனிஸ் அந்த வருஷம் கடைக்குப் புதுக் கூரை போட்டாள்.

மங்கலை ஒப்புக்கொள்ள அவன் ஏன் பயந்தான் என்றால், ஆர்வில் கிழவர்தான் காரணம். ராய்ஸுக்கு முன்னால் மேட்டில் நின்றவர் அவர். அவருக்குக் கண் போனபோது யாரும் அவரை வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. அப்படியெல்லாம் ஈரமில்லாதவர்களில்லை எங்கள் ஊர்க்காரர்கள். ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு, சாண்ட்விச் பெட்டியை மடியில் வைத்து, "ஆர்வில், காக்கா வராமப் பாத்துக்குங்க" என்றார்கள். சாகும்வரை காக்கா பார்த்தார். அந்த நாற்காலி இன்னும் சங்கத்துக் கொட்டகையில் மடித்தபடி கிடக்கிறது. ராய்ஸ் கோலை எடுக்கப் போகும்போதெல்லாம் அதன் பக்கம் திரும்பாமல் போவான்.

வீட்டில் நோலீனுக்குத் தெரியாமல் இருக்குமா? ஒருநாள் அவர்கள் இருவரும் காரில் வரும்போது, ராய்ஸ் வேகத்தைக் குறைத்துக் கையை உயர்த்தி மரியாதையாக ஆட்டினான்.

"யாருக்குய்யா கையக் காட்டுன?" என்றாள் நோலீன்.

"கிளெனிஸோட அம்மா நிக்கிறாங்கல்ல."

"அது குப்பைத் தொட்டி."

"பச்சை கவுன் போட்டிருந்தாங்க."

"பச்சை மூடி போட்ட குப்பைத் தொட்டி. யோவ் ராய்ஸ், கண் டாக்டர்கிட்ட போலாம்யா."

"கண்ணுல ஒண்ணுமில்ல. கார்க் கண்ணாடிக்கும் கூலிங் கிளாஸுக்கும் ஒத்துக்கல. ரெண்டும் சேர்ந்தா அப்படித்தான்."

அந்தக் கோடையில்தான் பிஷப் வந்தது.

ஏரியின் மேற்கே பார்சன் வளைவு என்று ஒரு திருப்பம். வெயில் நன்றாக ஏறி, வடகாற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், மேட்டில் நின்ற ராய்ஸுக்குத் தண்ணீருக்கடியில் நீளமாக, கறுப்பாக ஒன்று தெரிந்தது. அலைக்கு மெல்ல அசைந்தது. ஆனால் இடம் விட்டுப் போகவில்லை. அப்படி ஒரு மீனை அவன் வாழ்நாளில் பார்த்ததில்லை. குரல் அடங்கிப்போய், "பதினொண்ணு. மூணு கோல். மெதுவாடா பெவன், கடவுளே, மெதுவா" என்றான்.

கீழே பெவன் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு மேட்டில் நின்ற ராய்ஸைப் பார்த்தான். பிறகு வீசினான்.

"வந்துச்சா?" என்றான் ராய்ஸ்.

"வந்துச்சு," என்றான் பெவன். "பாத்துச்சு. திரும்பிப் போயிருச்சு."

அன்று மாலையே ஊருக்குத் தெரிந்துவிட்டது. எதற்கும் இறங்கிவராத ஆசாமி என்பதால் பிஷப் என்று பெயர் வைத்தார்கள். அடுத்த வெயில் நாளில் சங்கமே பார்சன் வளைவில் நின்றது. ராய்ஸ் மேட்டில் நின்று கை நீட்டினான். ஒவ்வொருவராக இறங்கி வீசினார்கள். பிஷப் எப்போதும் அதே இடத்தில் இருந்தது. "என்ன ஒழுங்கு பாருங்க," என்றார் சங்கத் தலைவர் ஹார்லி பிக்கெட். பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் இரண்டு, தொப்பியில் ஒன்று, மூக்கில் ஒன்று என்று நான்கு கூலிங் கிளாஸோடு வருவார். "பெரிய மீன் அப்படித்தான். தனக்குன்னு ஒரு இடம் வெச்சிருக்கும். நான் ரோஜா நிறத்துல பாத்தேன், என்னை நிமிந்து பாத்துச்சு. அந்தக் கண்ணுல ஒரு அவமதிப்பு."

பலருடைய தூண்டில் அங்கே மாட்டிக்கொண்டு நரம்பு அறுந்தது. அவர்கள் கொடுத்துவைத்தவர்கள். "பிடிச்சுச்சு, இழுத்துச்சு, அறுத்துக்கிட்டுப் போயிருச்சு" என்று பீர்க் கடையில் சொல்லலாம். பிக்கெட்டுக்கு அப்படி ஏழெட்டு முறை அறுந்தது.

கெல்வின் என்று ஒருவன் இருக்கிறான், ஆடு மேய்க்கும் நிலத்துக்காரன், நேர்மையானவன். அவன் மட்டும் ஒருநாள் கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, கிளெனிஸிடம் மெல்லிய குரலில் கேட்டான்.

"கிளெனிஸ், வெளிய சொல்லிராத. எனக்கு அதோட வால் சதுரமாத் தெரியுது."

"என்ன நிறம் போட்டிருந்த?"

"சாம்பல்."

கிளெனிஸ் அவனை வருத்தத்தோடு பார்த்தாள். "கெல்வின், உன் பொண்டாட்டி புள்ளைங்களுக்காவது யோசிச்சுப் பாரு. சாம்பல்ல வால் சதுரமாத்தான் தெரியும். இந்தப் பச்சைப் பூச்சை எடுத்துக்க."

பச்சையிலும் சதுரமாகத்தான் தெரிந்தது. கெல்வின் தேன் நிறம் வாங்கினான். பிறகு தாமிரம். பிறகு, "இப்ப வால் பிரிஞ்சு தெரியுதா?" என்று கேட்டபோது, "தெரியுது, தெரியுது" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். இன்னொன்று வாங்க அவனிடம் தெம்பில்லை. இப்படி எத்தனை பேருக்கு வால் சதுரமாகத் தெரிந்ததோ, ஆண்டவருக்குத்தான் தெரியும். ராய்ஸுக்கு மீனாகத் தெரிவது தனக்குத் தெரியவில்லை என்றால் குறை தன் கண்ணாடியில்தானே இருக்கமுடியும்?

இப்படியே மூன்று கோடை போனது. மூன்றிலும் பிஷப் யாருக்கும் இறங்கிவரவில்லை. ராய்ஸுக்கோ அதைத் தவிர வேறு மீனே தெரியாமல் போய்விட்டது. ஆனால் யாருக்கும் அது குறையாகப் படவில்லை. பிஷப்பைப் பார்க்கிறவனுக்குச் சில்லறை மீன் எதற்கு?

நோலீன்தான் வழி கண்டுபிடித்தாள். டாக்டர் என்றால் வரமாட்டான். சரி, அவன் மதத்திலேயே பேசுவோம் என்று முடிவு செய்தாள். குளிர்காலம் தொடங்கி மீன் பருவம் முடிந்த ஒரு நாள், ஆட்டிறைச்சியை வெட்டி அவன் தட்டில் வைத்துக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஹோபார்ட் டவுன்ல புதுசா ஒரு கண்ணாடி டின்ட் வந்திருக்காம்."

ராய்ஸின் கரண்டி பாதி வழியில் நின்றது. "என்ன நிறம்?"

"நிறமே இல்லையாம். தண்ணி மாதிரி. ஆனா மூக்குல மாட்டுறதில்ல, உள்ளயே வெச்சிருவாங்களாம். கீழ விழாது, கீறாது, பனி பிடிக்காது."

"கிளெனிஸ்கிட்ட வருமா?"

"கடைக்கெல்லாம் வராது. டாக்டர்தான் பொருத்தணுமாம்."

ராய்ஸ் கொஞ்சம் யோசித்தான். "பிக்கெட்டுக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றாள் நோலீன். அதோடு வேலை முடிந்தது.

ஹோபார்ட்டில் கண் டாக்டர் ஒரு இளம்பெண். விளக்கு அடித்துப் பார்த்தாள். "உங்க கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸே பழுப்பாயிருச்சு, ஐயா. புரை. வருஷக்கணக்கா நீங்க உள்ளயே ஒரு பழுப்புக் கண்ணாடி போட்டிருக்கீங்க. அது மேல இன்னொரு பழுப்பு போட்டா என்ன தெரியும்?"

"என்ன பழுப்பு?" என்று கேட்டான் ராய்ஸ். "தாமிரமா, தேனா?"

டாக்டர் நோலீனைப் பார்த்தாள். நோலீன் கூரையைப் பார்த்தாள்.

ஆபரேஷனை ஊரில் சொல்லிக்கொள்ளவில்லை. தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று ஒரு கண்ணுக்கு ஒரு தடவை, சில வாரம் கழித்து மறு கண்ணுக்கு இன்னொரு தடவை. கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்த நாளில் ராய்ஸ் சமையலறை நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"எப்ப வெள்ளையடிச்ச?"

"பத்து வருஷமா வெள்ளதான்."

"மஞ்சள்னு நெனச்சேன். எனக்குப் புடிக்கும்னு நீ மஞ்சள் அடிச்சிருக்கன்னு நெனச்சேன்." பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். நோலீன் கையில் இருந்த துணியால் தன் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள், மாவு ஏதும் ஒட்டியிருக்கிறதோ என்று.

"என்னய்யா?"

"ஒண்ணுமில்ல. நல்ல டின்ட்டுதான்."

பருவம் திறந்தது. எங்கள் பக்கம் டிசம்பரில்தான் கோடை; அதில் முதல் நல்ல வெயில் நாள். வடகாற்று, மேகம் இல்லாத வானம். ராய்ஸும் பெவனும் மட்டும் பார்சன் வளைவுக்குப் போனார்கள். போகிற வழியில் கிளெனிஸ் கடைக் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பெவன் வாசித்தான்: அணையில் வேலை இருப்பதால் ஈஸ்டருக்குப் பிறகு ஏரித் தண்ணீரை இறக்கப்போகிறார்கள். வழக்கமாக எதற்கும் ஒரு மணி நேரம் கருத்து சொல்கிற பெவன், இதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

பெவன் தண்ணீரில் இறங்கினான். ராய்ஸ் மேடேறினான், சாதாரணத் தாமிர நிறக் கண்ணாடி ஒன்றைப் போட்டான், கழுத்தைச் சாய்த்தான்.

ஏரி திறந்துகொண்டது. ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. கல்லின் மேல் நத்தை தெரிந்தது. பாசி இழை இழையாக அசைந்தது. மூன்று கோடையாக அவன் விரல் நீட்டிய இடத்தில், பழைய வேலிக்கம்பம் ஒன்று கிடந்தது. அணை கட்டுவதற்கு முன் அங்கே ஆட்டுப்பட்டி இருந்தது, அதன் வேலி. ஒரு முனை சேற்றில். மறு முனை கம்பியில் தொங்கி, அலைக்கு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. முனை சதுரம். அந்தக் கம்பம் முழுக்க ஈக்கள். சங்கத்தில் அநேகமாக எல்லோருடைய பொய் ஈக்களும் அதில் குத்திக்கொண்டு நின்றன. ஊதா இறகு பிக்கெட்டுடையது. மஞ்சள் வால் கெல்வினுடையது. பண்டிகைக்கு அலங்காரம் செய்த மரம் மாதிரி இருந்தது.

ராய்ஸ் புல்லில் உட்கார்ந்துவிட்டான். மடக்கு நாற்காலியும் சாண்ட்விச் பெட்டியும் அவன் மனதில் வந்து நின்றன. இது வெளியே தெரிந்தால் இனி அவன் சொல்லும் கடிகாரத்துக்கு எவன் கோலெடுப்பான்?

"என்னடா, பிஷப் பெரியவர் இருக்காரா?" என்று கீழேயிருந்து பெவன் கேட்டான்.

பதில் சொல்வதற்குள் வலப்பக்கத்திலிருந்து ஒரு மீன் வந்தது. நிஜ மீன். வெண்ணெய் நிற வயிறு, முதுகில் புள்ளி புள்ளியாக, வாயைத் திறந்து மூடிக்கொண்டு, அவசரமில்லாமல் வந்தது. முப்பது வருஷப் பழக்கம் ராய்ஸின் வாயைத் திறந்தது.

"ஒரு மணி. ரெண்டு கோல். உன் பக்கம் வர்றான். இப்ப."

பெவன் கோலை வீசினான். ஈ போய் விழுந்தது பதினோரு மணியில். கம்பத்துக்கு ஒரு முழம் முன்னால், அளவெடுத்து வைத்த மாதிரி.

"ஒரு மணின்னு சொன்னேன்."

"ஒரு மணிக்குத்தான் போட்டேன்."

"பதினொண்ணுக்குப் போட்ட."

"வந்துச்சு, பாத்துச்சு, திரும்பிப் போயிருச்சு," என்றான் பெவன், பாட்டுப் போல.

"திரும்பிப் போகல. உன் முழங்காலப் பாரு."

பெவன் குனிந்து பார்த்தான். அவன் இரண்டு காலுக்கும் நடுவில் மூன்று பவுண்டு ட்ரவுட் ஒன்று நின்று, அவனுடைய ரப்பர் காலணியை ஆராய்ந்துகொண்டிருந்தது. பெவன் ஒரு சத்தம் போட்டுவிட்டு, கோலோடு பின்பக்கமாகத் தண்ணீரில் உட்கார்ந்தான். மீன் போய்விட்டது.

பெவனின் தொப்பி தனியாக மிதந்து போனது.

"நெஜமாவே மீனா?" என்றான் பெவன், தண்ணீரில் உட்கார்ந்தபடியே.

"நெஜமாவே மீன். அந்தப் பக்கம் கெடக்கிறது கம்பம்."

பெவன் கையை நீட்டித் தொப்பியை எட்டிப் பிடிக்கப் பார்த்தான்.

"எல்லார் ஈயும் அதுல குத்தியிருக்குடா. உன்னோடது ஒண்ணுகூட இல்ல. மூணு வருஷமா நான் கம்பத்துமேல போடச் சொல்லியிருக்கேன், நீ ஒரு முழம் முன்னாலயே போட்டிருக்க."

"ஈ கட்டறது கஷ்டம்டா. சும்மா மரத்துல குத்தி வீணாக்கச் சொல்றியா?"

"எப்பத்திலேருந்து தெரியும்?"

"மொத நாளே."

"வாய மூடத் தெரியாத பயலாச்சே நீ."

"ஆமா. என்ன பாடுபட்டேன்னு உனக்கென்ன தெரியும்? வெளிய ஓடிப்போய் எங்க வீட்டு ஆட்டுக்கிட்ட சொல்லிட்டு வருவேன்."

"ஏன்டா சொல்லல?"

பெவன் எழுந்து நின்றான். கால்சட்டையிலிருந்து தண்ணீர் கொட்டியது. "சொன்னா என்ன ஆகும்? உன்ன அந்த நாற்காலில உக்கார வெச்சிருவாங்க. நான் பிக்கெட்கூட நிக்கணும். அந்தாளு ஒரு மீனுக்கு நாலு கண்ணாடி மாத்துவான். நாலாவது மாட்டறதுக்குள்ள மீன் செத்தே போயிரும், வயசாகி." பிறகு தொப்பி போன திசையைப் பார்த்துக்கொண்டு, "உனக்குக் கண்ணு தெரியலன்னா என்ன, எனக்கு நீ கத்துறது கேக்கணும்" என்றான்.

ராய்ஸ் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை ஓரத்தில் துடைத்தான். துடைத்து முடிக்க அதிக நேரம் ஆனது. பிறகு ஹோபார்ட் போன கதையைச் சொன்னான்.

"படுபாவி," என்றான் பெவன். "எனக்கே சொல்லலியா நீ?"

"உனக்குச் சொன்னா ஊருக்குச் சொன்ன மாதிரி."

"இப்ப அப்படிச் சொல்ல முடியாதுல்ல," என்றான் பெவன்.

ஆனால் ஈஸ்டருக்குப் பிறகு தண்ணீர் இறங்கும். இறங்கினால் பிஷப் எல்லோர் முன்னாலும், எல்லோருடைய ஈயையும் அணிந்துகொண்டு எழுந்து நிற்பார். ராய்ஸின் பெயர் மட்டுமா போகும்? பிக்கெட்டை நிமிர்ந்து பார்த்த கண் என்னாகும்? கெல்வினுக்குப் பிரிந்து தெரிந்த வால் என்னாகும்? ஒரு ஊர் முழுக்கச் சேர்ந்து பிடிக்காமலே விட்ட மீன் அது. பிடித்த மீனைக்கூட அப்படி யாரும் நேசித்திருக்க மாட்டார்கள்.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லோரும் கொட்டகையில் பிக்கெட்டின் உரையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, நோலீன் படகை ஓட்டினாள். பெவன் கம்பியை வெட்டினான். ராய்ஸ் முன்னால் நின்று, "பதினொண்ணு, இன்னும் கொஞ்சம் இடது, அங்கதான்" என்று சொன்னான். இந்த முறை ராய்ஸ் சொன்ன இடத்திலேயே பெவன் கையை விட்டான். என் வீட்டுக் கொல்லையில் கொண்டுவந்து போட்டார்கள். என் தையல் டேப்பால் நான்தான் அளந்தேன். ஐந்தடி ஏழங்குலம். இப்போது தெரிகிறதா, எனக்கு எப்படி அங்குலம் தவறாமல் தெரியும் என்று?

பருவ முடிவு விருந்தில் பிக்கெட் எழுந்து, பிஷப் காணாமல் போனதைப் பற்றி நெடுநேரம் பேசினார். கடலுக்குப் போயிருக்கும் என்றார் ஒருவர். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மலை இருப்பதை யாரும் நினைவூட்டவில்லை. அந்தக் கோடையில் ராய்ஸ் மற்ற மீனையெல்லாம் பழையபடி மள மளவென்று காட்டிக் கொடுத்ததால், கடைசியில் எல்லோரும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ராய்ஸ், ஒளிக்காம சொல்லு. இப்ப என்ன டின்ட் போடுற?"

ராய்ஸ் பெவனைப் பார்த்தான். பெவன் வாய் நிறைய கேக் வைத்திருந்தான். "புரை ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்," என்றான் ராய்ஸ். "எனக்குக் கண்ணு கெட்டுப் போயிருந்துச்சு. மூணு வருஷமா. ஒண்ணுமே தெரியல."

கெல்வின்தான் முதலில் மெதுவாகக் கேட்டான்: "அந்த ஆபரேஷன்ல வெக்கிறது... அது பச்சைப் பூச்சா?"

அடுத்த திங்கட்கிழமை ஹோபார்ட் கண் மருத்துவமனைக்கு எங்கள் ஊரிலிருந்து ஒன்பது பேர் போன் போட்டார்கள். பிக்கெட்டைச் சோதித்த டாக்டர், "உங்க கண்ணு அருமையா இருக்கு, எல்லாம் உள்ளது உள்ளபடி தெரியும்" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அவளுக்குத் தொழில் தெரியவில்லை என்று அவர் இன்றுவரை குறைப்படுகிறார்.

கம்பத்தை ராய்ஸ் சும்மா போடவில்லை. ஈக்களையெல்லாம் குறடால் பிடுங்கி எடுத்துவிட்டு, தன் வீட்டு வாசலில் நட்டு, அதன்மேல் தபால் பெட்டியை வைத்திருக்கிறான். மாலையில் பிக்கெட் நடந்து வருவார். அந்தக் கம்பத்தில் தோளைச் சாய்த்து நின்று, ஏரியைப் பார்த்து, "அப்படி ஒரு மீன் இனிமே வராது ராய்ஸ்" என்பார். "வராது" என்பான் ராய்ஸ். பெவன் அப்போது அவசரமாக எதையாவது வாயில் போட்டு மெல்லுவான்.

அவ்வளவுதான் கண்ணுகளா, கதை. எழுந்து போவதற்கு முன் கையைக் கொடுங்கள். உங்கள் வீட்டில் எல்லோர் கண்ணும் கடைசிவரை துலக்கமாக இருக்கட்டும். உங்கள் அடுப்பில் எப்போதும் காய்ந்த விறகு எரியட்டும். உங்களில் யாருக்காவது பார்வை மங்குகிற காலம் வந்தால், குப்பைத் தொட்டியைக் குப்பைத் தொட்டி என்று சொல்ல வீட்டுக்குள் ஒருவரும், கம்பத்துக்கு ஒரு முழம் முன்னால் ஈயைப் போட வெளியே ஒருவரும் உங்களுக்கு வாய்க்கட்டும். பத்திரமாகப் போய் வாருங்கள். அடுத்த வீட்டு வாசலில் அந்தக் கம்பம் இருக்கிறது, இடித்துக்கொள்ளாதீர்கள்.